யார் வந்தார்கள் என்று கேட்காத வேலை

“கமிட்டித் தலைவருக்கு முதல் வேலை, உள்ள யார் வந்துட்டுப் போறாங்கன்னு தெரிஞ்சிக்காம இருக்கிறதும்மா” என்று எனக்கு முதலில் சொன்னது சுகந்தி. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஈஸ்டர் முடிந்த வாரம். கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு டெய்லர் கடை மாடியில், மனசு சரியில்லாத இளவட்டப் பிள்ளைகள் வந்து பேசிவிட்டுப் போக ஓர் இடம் நடத்துகிறோம். சிப்காட் கம்பெனிகளில் ஷிப்டு பார்க்கிற பிள்ளைகள்தான் அதிகம் வருவார்கள். சுகந்தி அங்கே ஆலோசகர், அதற்கென்றே படித்தவள். நான் பத்தாவது வரைக்கும்தான். என் வீட்டுக்காரர் இரும்புக் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இரண்டு பேரும் கல்யாணமாகித் தனித்தனியே இருக்கிறார்கள். ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த ஒரு அம்மா தலைமையில் இருந்தால் பெற்றவர்கள் பயப்படாமல் பிள்ளைகளை அனுப்புவார்கள் என்று என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

ஸ்தோத்திரம் பண்ணிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். ஆனாலும் அன்று முதல் போன் அடித்தாலே என்னவோ ஏதோ என்று எழுந்து நிற்பேன். நீங்களும் ஏதாவது ஒரு சங்கத்திலோ கமிட்டியிலோ நாற்காலி கொடுக்கப்பட்டு மாட்டிக்கொண்டவராக இருந்தால் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

போர்டு

எங்கள் கமிட்டியில் ஏகாம்பரம் சார் என்று ஒருவர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். எதுவானாலும் தூரத்தில் இருந்து தெரிய வேண்டும் அவருக்கு. ‘இளைஞர் மனநல மையம்’ என்று ஆள் உயரத்துக்குப் போர்டு வைத்தார். கம்பெனி பஸ்ஸில் போகிற எல்லோருக்கும் நன்றாகவே தெரிந்தது. அதனாலேயே ஒருவரும் படியேறவில்லை. பஜாரே வேடிக்கை பார்க்க, அந்த எழுத்துக்குக் கீழே எந்தப் பிள்ளை நுழையும்? டெய்லர் பாய்கூட ஒருநாள் என்னை நிறுத்தி, தன் கடைக்குப் பேன்ட் தைக்க வருகிற பையன்களும் தலையைக் குனிந்துகொண்டு வருகிறார்கள், ரொம்பப் பேஜாராக இருக்கிறது என்றார்.

கூடிப் பேசி, யாருக்கும் வெட்கம் வராதபடி ‘இளைஞர் இல்லம்’ என்று மாற்றினோம். எனக்கு அந்தப் பேர் ரொம்பப் பிடித்திருந்தது. அடுத்த வாரம் நான் மாடியில் இருந்தபோது ஒரு பையன் மூச்சு வாங்கப் படியேறி வந்தான். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. கர்த்தரே, எத்தனை நாள் தூங்காத பிள்ளையோ என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காருப்பா என்றேன். தோளில் இருந்த பையையும் கையில் இருந்த பிளாஸ்டிக் வாளியையும் இறக்கி வைத்துவிட்டு அவன் கேட்டான்: “யம்மா, ரூமுக்குப் பாத்ரூம் தனியா, பொதுவா?”

சுரைக்காய்

சனிக்கிழமைகளில் திருவள்ளூரிலும் ஓர் அறையில் எங்கள் வேலை நடக்கிறது. அங்கே நான் கணக்கு வழக்குக்காகப் போயிருந்த ஒருநாள், திருப்பாச்சூரில் இருந்து ஒருவர் என்னைத் தேடி வந்தார். நெல் பயிரிடுகிறவர், வெள்ளை வேட்டி, கையில் இரண்டு சுரைக்காய். மகன் ஆறு மாதமாக யாரிடமும் பேசுவதில்லையாம், ஆனால் சனிக்கிழமை ஆனால் எங்கள் அறைக்கு மட்டும் வருகிறானாம். “உங்களாண்ட இன்னாம்மா சொல்றான்? ஒரு வார்த்த சொல்லுங்க, நான் போயிர்றேன்” என்றார்.

எனக்குத் தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது. அவர் நம்பவில்லை. சுகந்தியைக் கேளுங்கள் என்றார். கேட்டாலும் சொல்லமாட்டாள், கேட்பதற்கு எனக்கு அதிகாரமும் இல்லை என்றேன். என் மகன் அப்படிப் பேசாமல் இருந்து, யாரோ ஒரு பொம்பளை எனக்குத் தெரியாது என்று கையை விரித்திருந்தால் நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். அவர் அழவில்லை. சுரைக்காயை மேஜைமேல் வைத்துவிட்டு வாசல்வரை போனவர் திரும்பினார். “தலைவர்னு பேரு. ஒண்ணும் தெரியாதுன்றீங்க. அப்போ தெரிஞ்சவங்களை ஏம்மா தலைவராப் போடல?”

வெள்ளிக்கிழமை

எங்கள் சபையில் பெண்களுக்கு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். ஒவ்வொருவராக எழுந்து ஜெப விண்ணப்பம் சொல்ல வேண்டும். வெறுமனே ‘ஒரு சகோதரிக்காக’ என்றால் எங்கள் ஜனத்துக்கு ஜெபம் பாரமாக வராது. என்ன வியாதி, எந்த ஆஸ்பத்திரி, மருமகள் என்ன சொன்னாள், எல்லாம் வேண்டும். அன்பினால்தான் கேட்கிறார்கள், வம்புக்கு இல்லை. நானும் அப்படியே கேட்டுக் கேட்டு ஜெபித்தவள்தான்.

எஸ்தர் அக்கா எங்கள் சபையிலும் இருக்கிறார், கமிட்டியிலும் இருக்கிறார். எனக்கு டெங்கு வந்தபோது என் மகள் வந்து சேரும்வரை ஆஸ்பத்திரியில் என் கூட இருந்து வாந்தியைத் துடைத்தவர். ஒருநாள் தண்ணீர் கேன் வைக்க மாடிக்குப் போயிருக்கிறார். படியில் ஒரு பெண் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்திருக்கிறாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவிக் கொடுத்தால் கல்லும் பேசிவிடும். அந்தப் பெண்ணும் பேசியிருக்கிறாள்.

அந்த வெள்ளிக்கிழமை அக்கா எழுந்து நின்றார். “நம்ம மாடிக்கு ஒரு பொண்ணு வருது. பேரு வாணாம். எளாவூர் பக்கம். கேபிள் கம்பெனில வேலை. நிச்சயம் முடிஞ்சிருச்சி, மாப்பிள மீஞ்சூரு. பாவம், உசுரோட இருக்கவே புடிக்கலன்னு அழுவுது. கர்த்தர் அந்தப் பொண்ணை விடுவிக்கணும்.” எல்லோரும் ஆமென் என்றார்கள். நான் சொல்லவில்லை. எளாவூரில் இருந்து எங்கள் சபைக்கு வருகிற குடும்பங்களில் கேபிள் கம்பெனிக்குப் பெண்ணை அனுப்புகிற, நிச்சயம் முடித்த குடும்பம் ஒன்றுதான். அந்தப் பெண்ணின் அம்மா எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள். திரும்பவே இல்லை. கூட்டம் முழுக்க அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் தெரிந்துகொள்ளக் கூடாத ஒன்று எனக்கும் அந்த நிமிஷம் தெரிந்துவிட்டது.

செருப்பு விடும் இடத்தில் எஸ்தர் அக்கா கையைப் பிடித்தேன். இப்படிச் சொல்லலாமா என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. “பேரு சொல்லலியே தங்கச்சி. பேரு சொன்னாத்தானே தப்பு?”

பழம் வாங்கிக்கொண்டு

அந்த வாரம் வரவேண்டிய ஒருத்தர் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை என்று சுகந்தி கமிட்டியைக் கூட்டினாள். யார் என்று அவள் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதுதான் வெட்கம்.

ஏகாம்பரம் சார் உடனே எழுந்தார். ஒரு வண்டி பிடிப்போம், பழம் வாங்குவோம், கமிட்டியாகப் போய் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்போம் என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஒரு வீட்டில் கஷ்டம் என்றால் போய் நிற்பதைத் தவிர வேறு என்ன செய்யத் தெரியும் நமக்கு? ஒருவேளை அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால்? புடவை முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தே விட்டேன்.

சுகந்தி கதவுப் பக்கம் வந்து நின்றாள். கஷ்டம் அதிகமானால் யாரிடம் பேசலாம் என்று வருகிற ஒவ்வொருவரையும் முதல் நாளே கேட்டு வைப்பார்களாம். அப்படிச் சொல்லி வைத்த தோழியிடம் பேசியாகிவிட்டது, அவள் கூடவே இருக்கிறாள், மருந்து கொடுக்கிற டாக்டருக்கும் தெரியும் என்றாள். கமிட்டி வண்டியில் போய் இறங்கினால் அந்தத் தெருவே வாசலில் வந்து நிற்கும் என்றாள். நான், “ஒரு தாயா நான் மட்டும் போறேனே” என்று கெஞ்சினேன். அவள் என் தோளைத் தொட்டு என்னை உட்கார வைத்தாள். “போனா உங்க மனசு ஆறிடும்மா. அந்தப் பொண்ணுக்கு இன்னும் கஷ்டமாயிடும்.”

உப்பு

கேபிள் கம்பெனி பஸ் எங்கள் தெருமுனை வழியாகத்தான் போகும். ஹார்ன் கேட்டால் வாசலுக்கு ஓடத் தோன்றும். ஜன்னல் ஓரத்தில் அவள் முகம் தெரிகிறதா என்று ஒரு தடவை பார்த்தால் போதும். ஆனால் நான் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டால்? அதனால் ஹார்ன் கேட்டதும் அடுப்படிக்குள் போய்விடுவேன். அங்கே நின்று ஜெபம் பண்ணுவேன். அதிலும் பேர் சொல்லக் கூடாதோ என்று சந்தேகம் வந்து பாதியில் நிற்கும்.

மகள் போனில் என் குரலைக் கேட்டே கண்டுபிடித்துவிட்டாள். சளி என்றேன். வீட்டுக்காரரிடம் அந்தச் சமாளிப்பு எடுபடவில்லை. தட்டில் இருந்து ஒரு வாய் எடுத்தவர் கையை உதறினார். “ஒண்ணு அழுவு, இல்லாங்காட்டி இன்னான்னு சொல்லு. ரெண்டும் இல்லாம சாம்பார்ல ரெண்டு வாட்டி உப்பு போடாத.”

அக்காவிடம் சொன்னது

எஸ்தர் அக்காவைக் கமிட்டியில் இருந்து விலகி இருக்கச் சொல்ல வேண்டும் என்று தீர்மானமானது. சொல்ல வேண்டியது தலைவர். வாந்தியைத் துடைத்தவரிடம் போய் இதைச் சொல்ல எனக்கு எந்த வேத வசனமும் கைகொடுக்கவில்லை.

போனேன். அக்கா அப்போதுதான் துணி துவைத்து முடித்திருந்தார். கேட்டதும் முகம் கறுத்துவிட்டது. “தண்ணி கேன் தூக்கினது நானு. மாடிப்படி பெருக்கினது நானு. அந்தப் பொண்ணு யாராண்டயும் பேசாம குந்திக்கினு இருந்தப்போ பக்கத்துல குந்தினது நானு. நீ மேல நாற்காலில உக்காந்துக்கினு என்னைப் போன்னு சொல்றியா?” என்றார். எல்லாம் நிஜம். வாளியில் இருந்து ஒரு துணியை எடுத்துக் கொடியில் போட்டேன். பிறகு, “அக்கா, அந்தப் பொண்ணு திரும்பி வரணும்னா, படியேறும்போது உங்க மொகத்தைப் பாக்கக் கூடாதுக்கா” என்றேன். சொல்லிவிட்டு எனக்கே அழுகை வந்துவிட்டது.

அக்கா இன்னொரு ஈரத்துணியை எடுத்துப் பிழிந்து உதறினார். கடைசியில் என்னைப் பார்க்காமலே சொன்னார்: “கமிட்டியில இருந்து எடுத்துடு. ஜெபத்துல இருந்து எடுத்துடாத.”

சின்ன ஜெபம்

அடுத்த வெள்ளிக்கிழமை விண்ணப்ப நேரத்தில் எஸ்தர் அக்கா எழுந்தார். நான் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். “ஆண்டவரே, உமக்குத் தெரியும்” என்றார். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். கால்மணி நேரம் ஜெபிக்கிறவர் அவர். சபை குழம்பிப் போனது. பின்வரிசையில் இருந்து ஒரு அம்மா எட்டி அவர் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். “இன்னாக்கா, ஒடம்பு சரியில்லியா?”

ரேஷன் கடை

அதற்குப் பிறகு ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தேன். பின்னால் யாரோ வந்து நிற்க, திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் அம்மா. எளாவூர்க்காரிக்கு இங்கே என்ன வேலை? பை ஒன்றும் கொண்டுவரவில்லை. சண்டைக்கு வந்திருக்கிறாளா, இல்லை, சொல்லக் கூடாத செய்தியோடு வந்திருக்கிறாளா?

அவள் அரிசி மூட்டைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “பகல் ஷிப்டு முடிஞ்சி வர்றவங்களுக்கு அந்த எடம் தெறந்து கீதாக்கா?”

“ஏழு மணி வரைக்கும் கீது.”

“பெத்தவங்க கூட வந்தா உடுவாங்களா?”

“வர்றவங்க சரின்னா உடுவாங்க.”

“முன்னாடி கேன் தூக்கிக்கினு வருமே, அந்த அக்கா?”

“இப்போ வர்றதில்ல.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, கல்யாணத்தை என்ன செய்தீர்கள், எல்லாம் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு முன்னால் இருந்தவரின் முதுகைப் பார்த்தபடி நின்றேன். என் முறை வந்தது. கைரேகை வைத்துவிட்டுத் திரும்பினபோது அவள் கிளம்ப நின்றிருந்தாள். “நீங்க ஒண்ணும் கேக்கலக்கா. நானும் ஒண்ணும் சொல்லல.”

மாதக் கூட்டம்

மாதக் கூட்டத்தில் தலைவர் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. மின்விசிறி ஓடுகிறதா, அடுத்த கூட்டம் எப்போது, பாதியில் விட்டுப் போனவர்கள் உண்டா. இத்தனை நாளும் பள்ளிக்கூடப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் கேட்டுக்கொண்டு போவேன். அன்று கடைசிக் கேள்விக்கு வந்ததும் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கேட்டேன். ஏகாம்பரம் சாரும் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தார்.

சுகந்தி என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தபடி, எல்லா மாதமும் சொல்கிற அதே குரலில் சொன்னாள்: “இந்த மாசம் விட்டுப் போனவங்க யாரும் இல்லம்மா.”

அந்தப் பெண் வந்தாளா என்று எனக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை, இனியும் சொல்லமாட்டார்கள், இதற்குத்தான் என்னைத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் ஜெபம் பண்ணுகிறவர்களாக இருந்தால் எங்கள் மாடியையும் நினைத்துக்கொள்ளுங்கள், விவரம் மட்டும் கேட்காதீர்கள்.