பீரங்கி இல்லாத பாரவண்டி

சங்ககிரியில் லாரி வைத்திருக்கும் என் மனைவியின் தம்பியோடு கைபேசியில் போர் விளையாட்டு ஆடியதுதான் நான் செய்த தப்பு. அதில் ஆராய்ச்சி செய்தால்தான் எந்த ஆயுதமும் வண்டியும் கிடைக்கும்; எங்கள் அணியில் எதை ஆராய்வதென்று முடிவு செய்கிறவன் அவன். எதிரி படை திரட்டுகிறான், பீரங்கியை ஆராய்ச்சி செய் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன்.

“வண்டி சரியில்லீன்னா பீரங்கிய எதுலீங்க மாமா ஏத்துறது?” என்றான்.

அச்சு, சக்கரம், மறுபடியும் அச்சு என்று அத்தனை ஆராய்ச்சியும் பாரவண்டிக்கே போனது. பீரங்கியா? கடைசிவரை ஒன்றுகூடக் கிடையாது. எதிரி வந்தான், கோட்டை விழுந்தது. எங்கள் களஞ்சியத்து நெல்லையெல்லாம் எங்கள் வண்டிகளிலேயே ஏற்றிக்கொண்டு போனான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவனோ திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பெருமையாகச் சொல்கிறான்:

“பாருங்க மாமா, இத்தன லோடு ஏத்தியும் வண்டி ஆடுதுங்களா?”