கம்பு கொடுத்த சம்மதம்

எங்கள் பக்கத்தில் நாடு என்றால் தேசம் அல்ல. பத்துப் பன்னிரண்டு ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. ஊருக்குள் நடப்பதை ஊரே பார்த்துக்கொள்ளும். ஊருக்கும் ஊருக்கும் இடையில் வருவதை, அது கண்மாய் மடையோ திருவிழா மரியாதையோ, நாட்டுக் கூட்டம் தீர்க்கும். ஒவ்வோர் ஊருக்கும் ஓர் அம்பலம் போய் உட்காருவார். அம்பலம் என்பவர் பரம்பரைத் தலைவர். அவரை யாரும் தேர்ந்தெடுத்ததில்லை, யாரும் வேண்டாம் என்றதுமில்லை. முடிவு சொன்னதும் வெற்றிலைத் தட்டு சுற்றி வரும். தட்டில் கை வைத்தவரின் ஊர் சம்மதித்துவிட்டது என்று அர்த்தம்.

அம்பலத்துக்கு உடம்பு முடியவில்லை என்றால் அவருடைய கைக்கம்பைக் கொடுத்தனுப்புவார்கள். அதை அவர் உட்காரும் இடத்தில் கிடத்துவார்கள். கம்பு இருந்தால் ஊரே இருந்ததாகக் கணக்கு. அதன் முன்னாலும் மரியாதையாக வெற்றிலை வைப்பார்கள். வேண்டாம் என்று சொல்லக் கம்புக்கு வாய் ஏது?

என் மூத்த மகள் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய வருஷம் மழை பொய்த்தது. அக்கம்பக்கத்தில் எங்கள் ஊருணியில் மட்டும் தண்ணீர் கிடந்தது. அது குடிதண்ணீர். கால் கழுவிவிட்டுத்தான் படியிலேயே இறங்குவோம். நாடு கூடி, எல்லா ஊர் மாடுகளும் அதில் இறங்கலாம் என்று முடிவு செய்தது. எங்கள் அம்பலம் அன்று காய்ச்சலில் படுத்திருந்தார். கம்புதான் போயிருந்தது.

மாடுகள் வந்து நின்றபோதுதான் எங்களுக்கு விஷயமே தெரியும். சில நாளில் தண்ணீர் சாணிக் கரைசலாகிவிட்டது. தேற்றாங்கொட்டை உரசித் தெளியவைத்தோம், சேலைத் துணியில் வடிகட்டினோம். அப்படியும் ஊரில் வாந்திபேதி கண்டது. என் மகள் காலையில் படுத்தாள், பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள்.

என் வீட்டுக்காரர் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். அதன்பின் அவருக்கு ஒரு வெறி பிடித்தது. எங்களைக் கேட்காமல் எங்களை ஆளாதே என்று வெள்ளைக்காரனைப் பார்த்துக் காரைக்குடியில் கூட்டம் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அங்கே போய்க் கேட்டுவிட்டு வந்து, தேசம் இருக்கட்டும், முதலில் நம் நாட்டைப் பார்ப்போம் என்பார். கம்பு செல்லாது, ஊரார் தேர்ந்தெடுத்த ஆள்தான் வரவேண்டும், முடிவை ஊரில் தண்டோரா போட்டுச் சொல்லி ஊர் ஒப்பிய பிறகே நடத்தவேண்டும் என்று நாட்டிடம் கேட்கப் போவதாகச் சொன்னார்.

அத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளும்படி நான் சொன்னேன்.

"எந்த ஊருத் தண்ணியப் பத்திப் பேசுறாகளோ, அந்த ஊருணிக் கரையில கூட்டத்தப் போடச் சொல்லுங்க. தண்ணி எடுக்குற பொம்பளைக எதுக்க நிக்கட்டும். எங்க மொகத்தப் பாத்துக்கிட்டு வெத்தில எடுக்கட்டும்."

அவர் சிரித்தார். மகள் போன பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை என்பதால் எனக்குக் கோபம் வரவில்லை.

நாட்டுப் பெரியவர்கள் வெகுநேரம் வெற்றிலை மென்றுவிட்டு, உங்கள் ஊர் வேண்டுமானால் ஆளைத் தேர்ந்தெடுத்து அனுப்பட்டும், மற்ற ஊர் வழக்கத்தில் கை வைக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். தண்டோராப் பேச்சை அவர்கள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கிடைத்தவரை லாபம் என்று எங்கள் ஊரார் கோயில் வாசலில் கூடினார்கள். வீட்டுக்கு ஓர் ஆண் கை தூக்கி, என் வீட்டுக்காரரையே தேர்ந்தெடுத்தார்கள். பெண்கள் எங்களைக் கேட்கவில்லை, சேரியைக் கேட்கவில்லை. ஆனாலும் ஏதோ ஒரு கதவு திறந்துவிட்டதாக நினைத்து அன்று பாயசம் வைத்தேன், பைத்தியக்காரி.

அடுத்த கோடையும் காய்ந்தது. எங்கள் ஊருணி தரை தட்டிவிட்டது. இந்தத் தடவை தண்ணீர் கிடந்தது தெற்கே உள்ள ஒரு சின்ன ஊரில். நாட்டுக் கூட்டத்துக்கு அவர் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு போனார். உச்சி வெயிலில் திரும்பி வந்தவர், உட்காரக்கூடச் செய்யாமல் மாடுகளை அவிழ்க்கத் தொடங்கினார். வாய் வெற்றிலைச் சிவப்பாக இருந்தது.

எங்குட்டு ஓட்டுறீக என்று கேட்டேன். தெற்கே கை காட்டினார். நாடு முடிவு பண்ணிவிட்டதாம். ஊரே கை தூக்கி அனுப்பியவன் ஊர் மாட்டைச் சாகவிட முடியுமா என்று, நான் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார். அந்த ஊரிலும் நடைபழகும் பிள்ளைகள் இருக்கும் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

"அந்த ஊர்ல யாரக் கேட்டீக?" என்றேன்.

அவர் அடுத்த மாட்டின் கயிற்றை அவிழ்த்தார்.

"கம்பு வந்திருந்துச்சு," என்றார்.