குளிக்காமல் இருந்த இரண்டு நாள்

லீவு முடிந்து நான் கிளம்பினால் எங்கள் வீட்டில் தரையைக் கழுவக் கூடாது, யாரும் தலைக்குக் குளிக்கக் கூடாது. பிணம் போன வீட்டில்தான் உடனே கழுவிக் குளிப்பார்கள் என்பார் அப்பா. சவூதியில் நான் வேலை பார்க்கும் அல் கோபாரிலிருந்து, "ரூமுக்கு வந்துட்டேம்ப்பா" என்று நான் போன் செய்த பிறகுதான் அவர் துண்டை எடுப்பார்.

போன முறை இறங்கியதும் நேரே டூட்டிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் சாயங்காலம்தான் கூப்பிட்டேன். மதுரை வெயிலில் இரண்டு நாள் குளிக்காமல் உட்கார்ந்திருக்கிறார் மனுஷன்! எனக்கு வந்ததே கோபம்.

"உங்களுக்கென்ன பைத்தியமாப்பா?"

"இருக்கட்டும்டா. நீ சாப்பிட்டியா?"

ஆபீஸில் பக்கத்து மேஜை அயர்லாந்துக்காரரிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய கொள்ளுத்தாத்தா காலத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலேறுகிறவனுக்கு முதல் நாள் ராத்திரியே சாவு வீடு மாதிரி ஊர் கூடி விழித்திருக்குமாம். அவன் உயிரோடு நடுவில் உட்கார்ந்திருப்பான். சாப்பாடு, ஆட்டம், விடிந்தால் பெண்களின் ஒப்பாரி. போனவன் திரும்ப மாட்டான் என்று தெரியும், அதனால் அப்போதே அழுது தீர்த்துவிடுவார்கள். அந்த அழுகையிலிருந்து எத்தனையோ பாட்டும் கதையும் பிறந்தன என்றார். நாங்கள் அதற்கு நேர் எதிர் என்று பெருமையடித்துக்கொண்டேன். விமானம் இருக்கிறது, நாலு மணி நேரத்தில் ஊர் என்ற திமிர்.

இந்த வருஷம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா போன் செய்தாள். மாரடைப்பு, அப்பா போய்விட்டார். நான் ஒரே மகன், கொள்ளி வைக்க வேண்டியவன். ஆனால் இங்கே தங்குவதற்கான என் இக்காமா அட்டை காலாவதியாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. கம்பெனி புதுப்பிக்கவில்லை. அது இல்லாமல் நாட்டை விட்டு வெளியேற அனுமதி கிடைக்காது. மேனேஜர் காலில் விழாத குறைதான். "வெள்ளி, சனி ஆபீஸ் மாஃபி, லீவு பாய். ஞாயிறு பாக்கலாம்" என்றான் பாவி.

அப்பாவை ஞாயிறுவரை வைத்திருக்க முடியுமா? வெள்ளிக்கிழமை அக்கா புருஷன் கொள்ளிச்சட்டி தூக்கினார். நான் ரூமில் கட்டிலில் உட்கார்ந்து வீடியோ காலில் பார்த்தேன். பாடை தெரு முனை திரும்பியதும் அக்கா போனை ஜன்னலில் வைத்துவிட்டு உள்ளே போனாள். பெண்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கூடத்தைக் கழுவத் தொடங்கினார்கள்.

"கழுவாதீங்க! கொஞ்சம் இருங்க!" என்று கத்தினேன். யார் காதிலும் விழவில்லை. தண்ணீர் வாசலைத் தாண்டி ஓடியது.

வெகுநேரம் கழித்து அக்கா ஈரத் தலையோடு போனை எடுத்தாள். "எல்லாரும் குளிச்சிட்டோம்டா. நீயும் தலைக்கு ஊத்திக்க."

"மாட்டேங்க்கா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அனுமதி வந்தது. அதுவரை இரண்டு நாள் குளிக்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்து சேர்ந்துவிட்டேன் என்று யாரும் கூப்பிடவில்லை.