மகிழினியின் முதல் மொட்டை

தேவராஜ் பிடித்த முயலுக்கு மூன்றே கால். வெள்ளானூரில் நாலு தலைமுறையாக உழுத குடும்பம். இவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். மனைவி கனிமொழி நாமக்கல்காரி, ஐ.டி. வேலை. அவளும் சளைத்தவளில்லை. இரண்டு வருடத்துக்கு முன் கைக்குழந்தை மகிழினியைத் தூக்கிக்கொண்டு முகப்பேரில் அண்ணன் அருளின் ஃப்ளாட்டுக்குப் போய்விட்டாள்.

விவாகரத்து வழக்கை நீதிபதி சமரச மையத்துக்கு அனுப்பினார். பேசி முடித்துவைக்க வந்தவர் வக்கீல் ரேஷ்மா. பள்ளிக்கூடம், செலவு, ஞாயிற்றுக்கிழமை அப்பா வீடு, எல்லாம் சீக்கிரமே படிந்துவிட்டன. முட்டிக்கொண்டு நின்றது குழந்தையின் தலைமுடி. முதல் மொட்டை வெள்ளானூர் குலதெய்வத்துக்குத்தான் என்றான் தேவராஜ். அந்த ஊர் எல்லையையே மிதிக்கமாட்டேன் என்றாள் கனிமொழி. ஆனால் சாமி குற்றத்துக்குப் பயந்து அவளும் வேறெங்கும் முடி இறக்கவில்லை. சித்திரை வெயிலில், முதுகு வரை தொங்கும் முடியோடு, குழந்தை வேர்க்குருவைச் சொறிந்துகொண்டு திரிந்தது. பெரியவர்கள் இரண்டு பேருக்கும் அறிவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

தேவராஜுக்கு உள்ளூர வேறு பயம். இதுவும் கைவிட்டுப் போனால், தான் அப்பன் என்பதற்கு ஒன்றுமே மிஞ்சாது என்று நினைத்தான்.

அடுத்த அமர்வில் அவனே வாயை விட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் குழந்தையைக் கோயிலுக்குக் கொண்டுபோயிருக்கிறான்.

"முடி எறக்குறவரு ரெடியா குந்திகினு இருந்தாரு மேடம். 'தாய்மாமன் எங்கப்பா? யாரு மடில உக்கார வெக்கிறது?'ன்னாரு. அருளை நான் கை நீட்டி அடிச்சவன். இன்னான்னு சொல்றது? அப்டியே தூக்கிகினு வந்துட்டேன்."

"எனக்குத் தெரியாமயா?" என்று கனிமொழி கொதித்துப்போனாள்.

அவள் திட்டித் தீர்க்கும்வரை ரேஷ்மா குறுக்கிடவில்லை. பிறகு தேவராஜிடம் கேட்டார்: "இந்த முடிய தெனமும் யாரு சிக்கெடுத்துச் சீவுறாங்க, சார்?"

அமர்வு முடிந்ததும் தேவராஜ் வெளியே வந்து அருளுக்குப் போன் போட்டான்.

"மச்சான், நான் கை நீட்டுனது தப்புதான். நீ வந்து குந்துனாதான் கொயந்தைக்கு மொட்டை. வா மச்சான்."

"தங்கச்சி வந்தா வரேன்" என்றான் அருள்.

கோயிலோடு சரி, வீட்டுப் படி ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கனிமொழி வந்தாள். மாமன் மடியில் குழந்தை வீறிட்டது. தலையை அப்பா பிடித்துக்கொண்டான், கையை அம்மா. சந்தனம் பூசி முடிந்ததும் அவரவர் வழியில் கிளம்பினார்கள். சேர்ந்துவிட்டார்கள் என்று ஊரில் சிலர் சந்தோஷப்பட்டார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. விவாகரத்து கிடைத்துவிட்டது.

மறுபடி முடி வளர்ந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மகிழினியின் பையில் ஒரு சீப்பும் இரண்டு ரப்பர் பேண்டும் இருந்தன. கனிமொழி வைத்து அனுப்பியவை. தேவராஜ் மகளை முன்னால் உட்காரவைத்து மல்லுக்கட்டினான். வகிடு கோணல். ஒரு குடுமி உச்சியில், இன்னொன்று காதோரம்.

அடுத்த வாரம் மெல்லக் கேட்டான். "அன்னிக்கு அம்மா இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலப்பா. அவுக்கவே இல்ல. காலையில அப்படியே ஸ்கூலுக்கு அனுப்பிட்டாங்க."

தேவராஜுக்கு அழுகை வந்துவிட்டது.

"திரும்பி குந்து, சீவி உடுறேன்" என்றான்.