ஸ்டெல்லா அழித்த படம்

சென்ற மாதம், மரக்காணத்தில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. பேசியவர் ஸ்டெல்லாவின் கணவர் அருள்தாஸ். "சார், ஸ்டெல்லா காலையில போயிட்டா" என்றார். மூன்று வாரமாக மஞ்சள் காமாலை. தேறிவிடுவார் என்றுதான் நம்பியிருந்தோம். அவர்கள் ஊரான கீழ்புத்துப்பட்டு வழியாகப் போகும் பேருந்து வந்து நின்றது. அதை விட்டுவிட்டேன். அடுத்த பேருந்தில்தான் ஏறினேன்.

எங்களோடு வேலை செய்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு படப் புத்தகம் கொண்டுவருவதற்காக, 2004இல் குயிலாப்பாளையத்தில் ஒரு சிறிய அறையை அலுவலகமாக வைத்திருந்தோம். படம் எடுப்பது நான். எடுத்தவற்றில் எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று பிரிப்பது ஸ்டெல்லா. கேமரா பதிந்தபடியே, திருத்தம் எதுவும் படாமல் வரும் ரா கோப்புகள் அவை. ஒவ்வொன்றும் நிறைய இடம் பிடிக்கும். கணினியில் இடம் போதாது. கழித்ததை அழித்தால்தான் மறுநாள் படங்களை ஏற்ற முடியும்.

"இருட்டா இருந்தா பின்னாடி வெளிச்சம் ஏத்திக்கலாம் சார். ஆடிப்போன படத்த யாராலயும் தெளிவாக்க முடியாது" என்பார். ஒருமுறை, விடியலில் உப்புத் தண்ணீரில் இறங்கி நின்று நான் எடுத்த படம் ஒன்றை அவர் கழித்துவிட்டார். அதற்காக நான் பட்ட பாட்டைச் சொன்னேன். "நீங்க கஷ்டப்பட்டது படத்துல தெரியல சார்" என்றார். கோபம் வந்தது. மறுநாள் பார்த்தபோது அவர் சொன்னதுதான் சரி.

அந்த டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தது. அதன்பிறகு நான் எடுத்துவந்ததெல்லாம் இடிந்த வீடுகளும் நிவாரண வரிசைகளும்தான். அவற்றையும் அவர்தான் ஒன்றுவிடாமல் பார்த்துப் பிரித்தார்.

ஜனவரியில் ஒருநாள் ஏழுமலை எங்களைத் தேடி வந்தார். அவரும் மனைவி அஞ்சலையும் உப்பளத்தில் கூலிவேலை செய்தவர்கள். அஞ்சலையைக் கடல் கொண்டுபோயிருந்தது. வீட்டிலிருந்த பொருளெல்லாம் அதோடு போயிருந்தது.

"அன்னிக்கு உப்பளத்துல எல்லாரையும் படம் புடிச்சீங்களே சார், அதுல அஞ்சலை இருக்காளா பாருங்க. மாலை போட ஒரு படம் இல்ல."

அவரை வாசல் படியில் உட்காரச் சொல்லிவிட்டு அரை நாள் தேடினோம். இரண்டு படங்களில் அஞ்சலையின் முதுகு மட்டும் இருந்தது. ஸ்டெல்லா என்னிடம் மெல்லச் சொன்னார்: "முகம் தெரியற படம் ஒண்ணு இருந்துது சார். ஆடிப்போயிருந்துதுன்னு நான்தான் அழிச்சேன்."

எனக்கு அலுத்துப்போயிருந்தது. "இல்லன்னு சொல்லி அனுப்பிடலாம் ஸ்டெல்லா. அந்த ஆளுக்கு இது வேறயா?" என்றேன்.

"அது பொய்யில்ல?" என்று எழுந்து வாசலுக்குப் போனார்.

"அண்ணே, அவங்க படம் ஒண்ணு இருந்துது. தெளிவா இல்லன்னு நான் அழிச்சிட்டேன். மன்னிச்சிடுங்க."

ஏழுமலை கத்தப்போகிறார் என்று நினைத்தேன்.

"அதுல எப்படிம்மா இருந்தா?" என்று கேட்டார்.

ஸ்டெல்லா அவர் எதிரில் உட்கார்ந்து சொன்னார். பச்சைப் புடவை, தூக்கிச் செருகியது. தலையில் உப்புக் கூடை. பின்னால் வந்தவர் யாரோ ஏதோ சொல்ல, சட்டென்று திரும்பியதில் முகம் ஆடிப்போனது. "ஆனா சிரிச்சது தெரிஞ்சுதுண்ணே."

"சிரிச்சாளா? கேமராவப் பார்த்தா முறைப்பாளே."

"கேமராவப் பார்க்கல. பின்னாடி வந்தவரப் பார்த்துச் சிரிச்சாங்க."

ஏழுமலை தலையாட்டினார். "நான்தாம்மா பின்னாடி வந்தேன்" என்றார். பிறகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

அந்தப் படத்தை எடுத்தவன் நான். எடுத்ததே எனக்கு நினைவில்லை.

அதற்குப் பிறகு ஸ்டெல்லா எந்தப் படத்தையும் அழிப்பதற்கு முன்னால், அதில் யார், என்ன செய்துகொண்டிருந்தார் என்று நோட்டில் ஒரு வரி எழுதிவைத்தார். வேலை இழுத்துக்கொண்டே போனது. நான் பலமுறை சலித்துக்கொண்டேன். "எனக்கும் கண்ணு நோவுது சார். ஆனா எழுதாம அழிக்க மாட்டேன்" என்பார்.

புத்தகம் போன வருடம் வந்தது. அதில் எடுத்தவன் பெயர் இருக்கிறது, பிரித்தவர் பெயர் இல்லை. கடைசி நேர அலுப்பில் நான் அதைக் கவனிக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. இதை அவர் இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டும்.

அடக்கம் முடிந்ததும் அருள்தாஸ் அந்த நோட்டுகளை என்னிடம் கொடுத்தார். அவற்றைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனால் ஸ்டெல்லாவிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது வேறு. களைத்துப்போன நேரத்தில் சுலபமான ஒரு பொய் நாக்கு நுனிக்கு வரும்போது, ஸ்டெல்லா எழுந்து வாசலுக்குப் போனதை நினைத்துக்கொள்கிறேன். எல்லா நாளும் அது என்னைத் தடுத்துவிடுவதில்லை. சில நாள் தடுத்திருக்கிறது.