அழைப்பிதழில் ஏறாத பெயர்

புனிதா பெயர்களை எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறார். விழுப்புரத்தில் பேருந்து ஏறி உட்கார்ந்ததும் பழைய வினாத்தாளைத் திருப்பி மடியில் வைத்துக்கொள்வது அவர் வழக்கம். பாடக் குறிப்பு, மளிகைப் பட்டியல், விடுப்புக் கடிதம் எல்லாம் அந்தப் பின்பக்கத்தில்தான். இந்த மாதம் முழுக்க ஒரே வேலை. ‘கடல்கடந்த சார்பு ஆட்சிப்பகுதிகள்’, அதாவது தூரத்து நாடுகள் இன்னும் ஆளும் தீவுகள், என்ற கருத்தரங்குக்கு யாரை அழைப்பது?

திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் பதினோரு வருடமாக வரலாறு நடத்துகிறார். கௌரவ விரிவுரையாளர். ஒவ்வொரு ஜூனிலும் வேலை நீடிக்குமா என்று காத்திருக்கிறவர். நான் அங்கே நூலகர், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரன். கோபம் வந்தால் அவருக்குக் குரல் உயராது. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைப்பார். துடைத்ததையே துடைப்பார்.

அன்று விக்கிரவாண்டி தாண்டியும் துடைத்துக்கொண்டிருந்தார். துறைத்தலைவர் விருத்தாசலம் கொடுத்த பட்டியலில் ஐந்து பேர். ஒருவர் போன வருடம் சோழர் கடற்படை பற்றிப் பேசியவர். இன்னொருவர் டிராவல்ஸ் நடத்துகிறவர், பேனர் செலவை ஏற்பவர்.

“இதுல ஒருத்தராவது அந்தத் தீவுங்கள்ல கால வச்சிருக்காங்களா சார்?” என்றார். பட்டியலின் அடியில் தன் கையால் ஆறாவது பெயரை எழுதினார்: லூர்து மேரி, கண்டமங்கலம்.

லூர்து மேரி, கரீபியன் கடலில் பிரிட்டனின் கையிலிருக்கும் கேமன் தீவில், ஒரு விடுதியில் ஒன்பது வருடம் அறை சுத்தம் செய்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை புனிதாவோடு நானும் அவர் வீட்டுக்குப் போனேன். மல்லாட்டைக் கடலை உரித்தபடியே பேசினார்.

“எலெக்‌ஷன்ல ஜெயிச்சவங்க இருப்பாங்க டீச்சர். அவங்களுக்கு மேல லண்டன்லேருந்து ஒரு கவர்னர் வந்து குந்திக்கினு இருப்பாரு. பாண்டிச்சேரி பக்கத்துல பொறந்தவளுக்கு இது புரிய எவ்ளோ நேரம் ஆவும்? சமைக்கிறது, தொவைக்கிறதுலாம் எங்கள மாதிரி வெளியாளுங்க. எங்களுக்கு ஓட்டு கெடையாது. ஒம்போது வருசம் முடிஞ்சா கெளம்புன்னுடுவாங்க. இந்த ஊரு யாருக்குதான் சொந்தம்னு ரோசன பண்ணிக்கினே பெட்ஷீட் மாத்துவேன்.”

புனிதா அன்று வினாத்தாள் நான்கின் பின்பக்கங்களை நிரப்பினார்.

குழுக் கூட்டத்தில் விருத்தாசலம் ஆறாவது பெயரில் விரலை வைத்தார். “டிகிரி என்னாம்மா?”

“எட்டாவது சார்.”

“ரூம் கிளீன் பண்ணவங்கள மேடையில ஏத்தினா நல்லாவா இருக்கும்? சாப்பாட்டு டைம்ல வேணா ரெண்டு வார்த்த பேசிட்டுப் போவட்டும்.”

“மத்தவங்க படிச்சிட்டு வந்து பேசுவாங்க சார். இவங்க இருந்துட்டு வந்து பேசுவாங்க. சாப்புடுற எடத்துல நின்னுக்கினு பேசுறதுக்கு அவங்கள நான் கூப்புட மாட்டேன்.”

“ஜூன் வருதும்மா,” என்றார் அவர், கனிவாகவே.

அழைப்பிதழ் ஐந்து பெயர்களோடு அச்சாகி வந்தது. புனிதா பேருந்தில் அதை ஒரு தடவை படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திண்டிவனத்தில் இறங்கும்போது சொன்னார்: “என் கட்டுரைக்கு இருவது நிமிஷம் குடுத்திருக்காங்க சார். அது என்னோடதுதான?”

கருத்தரங்கன்று முதல் பேச்சாளர் ஐம்பது நிமிடம் பேசினார். கேமன் தீவை ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். மாலையில் புனிதாவின் முறை வந்தது. ஒலிபெருக்கி முன் வெறுங்கையோடு நின்றார்.

“என் கட்டுரையில இருக்கறதெல்லாம் ஒருத்தங்க சொன்னது. அவங்களே வந்திருக்காங்க. அவங்களே சொல்லட்டும்.”

கடைசி வரிசையிலிருந்து லூர்து மேரி எழுந்து வந்தார். முதல் இரண்டு வாக்கியங்கள் தடுமாறின. கவர்னர் கதைக்கு மாணவர்கள் சிரித்தார்கள். பெட்ஷீட் மாற்றிய கதைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. கைபேசிகள் மடிக்கு இறங்கின.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. விருத்தாசலம் மேசை மணியைத் தட்டினார். லூர்து மேரி பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டுப் படியைத் தேடினார்.

“நீங்க பேசுங்கக்கா,” என்றார் புனிதா. குரல் உயரவில்லை. விருத்தாசலத்தின் மேசைக்கு நடந்து போனார். மணியை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினார்.