மூச்சு விட்ட குற்றம்

என்னை யாராவது படம் எடுத்தால் நான் மூச்சை நிறுத்திவிடுவேன். ஐம்பத்திரண்டு வயதாகியும் இந்தக் கோளாறு போகவில்லை. என் ஆதார் அட்டையில் இருப்பவர், குளத்திலிருந்து தூக்கிக் கரையில் போடப்பட்டு முதலுதவிக்குக் காத்திருப்பவரைப் போல இருப்பார். எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு மாடும் ஒரு லென்ஸும்.

அப்போது எனக்குப் பத்து வயது. பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் குறுவைக்கு நாற்று விட்டிருந்தோம். விரலளவு பச்சை எழும்பியதும், தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு வெள்ளை மாடு நாற்றங்காலில் இறங்கி மேய்ந்துவிட்டுப் போனது. ஆள் அரவம் கேட்டால் ஓடிவிடும். வாய்க்காலுக்கு எதிர்க்கரை வீட்டு மாடுதான் அது என்பது அப்பாவின் கட்சி. "என் மாடு கட்டுத்தறிய விட்டு அசையலைங்க. ஊர்ல வெள்ளை மாடு என்னுது ஒண்ணுதானா?" என்பது எதிர்க்கரைக்காரர் கட்சி. அவர் மாட்டுக்கு ஒரு கொம்பு மடங்கியிருக்கும். அந்தக் கொம்பைப் படத்தில் காட்டுகிறேன், காட்டிய பிறகு அந்த வீட்டோடு நல்லது கெட்டது எதுவும் கிடையாது என்று அப்பா டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டு வந்தார்.

படம் எடுக்க அப்பாவின் தம்பி, என் சித்தப்பா இருந்தார். சிங்கப்பூரிலிருந்து இரண்டு மாத லீவில் வந்திருந்தவர், தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் லென்ஸ் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். யாரோ பயன்படுத்திய பழைய சரக்கு. எல்லாவற்றையும் கையால் திருக வேண்டும். வெளிச்சம் குறைந்த பிறகுதான் லென்ஸின் யோக்கியதை தெரியும் என்பார். ஆகவே பரிசோதனை தினமும் சாயங்காலம் நடக்கும், எப்போதும் வாய்க்கால் பக்கமாகவே நடக்கும். ஸ்டாண்டு கிடையாது. என் தோள்தான் ஸ்டாண்டு.

அன்று வரப்பில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். லென்ஸ் தோளில் ஏறியது. மாடும் சொன்ன நேரத்துக்கு வந்தது.

"சித்தப்பா, வந்துடுச்சு!"

"தெரியுது. வாய மூடு. ரோல்ல ஒரே ஒரு படம்தான் பாக்கி. மூச்சு விடாத."

மூக்கின் மேல் ஒரு கொசு உட்கார்ந்தது. சித்தப்பா லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் திருகினார். இன்னும் திருகினார். மாடு அரைப் பாத்தியை முடித்துவிட்டது. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. புஸ்ஸென்று மூச்சை விட்டேன். அதே நொடியில் காதருகே 'க்ளிக்'.

கும்பகோணத்தில் கழுவி வாங்கி வந்த படத்தை அப்பா நேராகப் பிடித்துப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். பச்சை மூட்டத்துக்கு நடுவே ஒரு வெள்ளைத் திட்டு.

"இதுல கொம்பு எங்கடா?"

"இவன் மூச்சு விட்டுட்டாண்ணே."

வீடே என்னைப் பார்த்தது. எதிர்க்கரைக்காரரும் வந்து பார்த்தார். "கொக்கு அழகா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சாட்சியம் போதாமல் வழக்கு தள்ளுபடியானது. அப்பா வீசியெறிந்த படத்தைச் சித்தப்பா எடுத்து வைத்துக்கொண்டார். லென்ஸின் குறையை ஆராய வேண்டுமாம்.

அடுத்த லீவில் எதிர்க்கரை வீட்டுப் பெண்ணே எனக்குச் சித்தியாக வந்தார். கல்யாண ஆல்பத்தில் ஒவ்வொரு படத்திலும் நான் முழி பிதுங்கி நிற்கிறேன்.

போன மாதம் சித்தப்பா, "கை நடுங்குதுப்பா, நீ வச்சுக்க" என்று லென்ஸை என்னிடம் தந்தார். அதை என் புதுக் கேமராவில் மாட்டிக்கொண்டு, அந்திநேரத்தில் அதே வரப்புக்குப் போனேன். ஐம்பது படங்களைக் கெடுத்ததில் ஒரு ஞானம் பிறந்தது. கெடுவதில் இரண்டு வகை. கை ஆடினால் படம் முழுக்க ஆடும். ஃபோகஸ் தப்பினால் ஓரிடம் மங்கி, வேறோரிடம் தெளிவாக இருக்கும்.

லென்ஸ் பைக்குள் அந்தப் பழைய படம் இருந்தது. மாடு மூட்டம்தான். ஆனால் அதற்குப் பின்னால், வாய்க்காலுக்கு அப்பால், எதிர்க்கரை வீட்டுக் கொல்லை துல்லியமாக இருந்தது. துணிக்கொடி, கொடிக்குத் தூக்கிய ஒரு கை, மறுபக்கம் திரும்பிய முகம், புடவைக் கரை. எதுவும் இம்மியளவுகூட ஆடவில்லை.

நான் மூச்சு விட்டதால் எதுவும் கெடவில்லை. படத்தில் கொம்பு விழுந்திருந்தால் சித்தப்பாவுக்கு அந்த வீட்டில் பெண் கிடைத்திருக்காது. மாட்டைத் தாண்டி அவர் வளையத்தைத் திருகியது என் தோளுக்குத் தெரிந்திருந்தது; எனக்குத்தான் தெரியவில்லை. இன்னொருவர் காதலுக்காக நாற்பத்திரண்டு வருஷம் நான் மூச்சைப் பிடித்திருக்கிறேன்.

படத்தை எடுத்துக்கொண்டு சித்தியிடம் ஓடினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"சித்தி, சித்தப்பா அன்னைக்கு மாட்டை எடுக்கவே இல்ல. உங்களத்தான் எடுத்திருக்காரு!"

சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த சித்தப்பாவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் அப்ப தாவணிடா. புடவையில நிக்கிறது எங்கம்மா. அவருகிட்ட சொல்லித் தொலைச்சிடாத."